பாலம் வரும்போது சொல்ல வேண்டியது

லம்பாங்
11 அக்டோபர், பௌத்த ஆண்டு 2536

அண்ணாவுக்கு,

பென்சி எழுதறேன். நல்லா இருக்கீங்களான்னு கேட்டா "இருக்கிறேன்"னு ஒரு வரி போட்டு அனுப்பிடுவீங்க. அதனால கேக்கல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

அடுத்த மாசம் பதிமூணு, பதினாலு, சனியும் ஞாயிறும், நாம ரெண்டு பேரும் அயூத்தயா போறோம். பாங்காக் பக்கத்துல இருக்கற உங்களுக்கு ஒன்றரை மணி நேர ரயில். எனக்குத்தான் காலைல ஏறினா இருட்டினப்புறம் இறங்கணும். ஆத்தங்கரையில ஒரு விடுதியில ரெண்டு ரூம் சொல்லி வெச்சிருக்கேன். உங்க குறட்டைக்காக ஒண்ணு ஒதுக்குப்புறமா. போறது கோயில் பாக்க இல்ல. சின்னண்ணனைக் கூட்டிட்டு வர.

கிழிச்சுப் போடாம மேல படிங்க.

வர்ற பதினாலோட சின்னண்ணன் செத்து ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்துல என் கனவுல ஒரு தடவை கூட வரல. இருபது வருஷம் ஒரே வீட்டுல என் கையால சாப்பிட்ட ஆளு. நம்ம அப்பா செத்த மூணாம் நாளே வந்து, கண்ணாடியை எங்கடி வெச்சேன்னு கேட்டுட்டுப் போனார். இவர் வரல.

போன மாசம் பூன்மா வந்தார். உங்களையும் சின்னண்ணன் சவப்பெட்டியையும் அயூத்தயாவுலேருந்து இங்க ஏத்திட்டு வந்த பிக்கப் டிரைவர். பூண்டு லோடு எடுக்க வந்தவர், சின்னண்ணன் படத்துக்கு ஊதுபத்தி ஏத்தணும்னு வீடு தேடி வந்தார். ஏத்திட்டு உக்காந்தவர் எழுந்திருக்கவே இல்ல. கடைசியா வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, ஒரு வருஷமா நெஞ்சுல கிடக்குது. பெரியவரு பின்னாடி பெட்டிகிட்டதான் உக்காந்து வந்தாரு. ஒவ்வொரு பாலத்துக்கும் நான் வேகத்தைக் குறைச்சேன், ஹாரன் அடிச்சேன். அவரும் காசு போட்டாரு. ஊதுபத்தி அணையாம பாத்துக்கிட்டாரு. ஆனா வாயைத் தொறக்கல. 'பாலம் வருது, வா'ன்னு ஒரு பாலத்துல கூட சொல்லல."

"காத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது"ன்னேன்.

"பின்கண்ணாடி உடைஞ்சுபோய் அட்டைதான் வெச்சிருந்தேன் தங்கச்சி. அவரு இருமினது கூட கேட்டுச்சு."

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. அயூத்தயாவுல அந்த இடிஞ்ச கோயில் சுவருக்கு எதிர்ல நூடுல்ஸ் வண்டி போட்டிருக்கற லமாய் அக்காவுக்கு எழுதினேன். சின்னண்ணன் வேலையா போன இடத்துல மாரடைச்சு சுவர்ல சாஞ்சு கிடந்ததை முதல்ல பாத்தவங்க அவங்கதான். பதில் வந்தது. அவங்க எழுதினபடியே எழுதறேன்.

"சாயங்காலம் கூட்டம் குறையற நேரத்துல அதே சுவர்கிட்ட உக்காந்திருக்காரு. நீலக் கட்டம் போட்ட சட்டை. மழை பெஞ்சாலும் நனைய மாட்டேங்குது. மத்தவங்க கண்ணுக்குத் தெரியுதான்னு நான் கேக்கல, வியாபாரம் போயிடும். ஒரு நாள் தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன், பின்னாடி வந்து நின்னு, 'அண்ணன் ஏதாவது சொன்னாரா?'ன்னாரு. அதுலேருந்து தினம் கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அண்ணா, நான் என்ன எழுதட்டும்?

பென்சி


தோன்புரி
20 அக்டோபர் 2536

பென்சி,

உன் கடிதம் கிடைத்தது. இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு வரும் கடிதங்கள் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. உன் சாட்சிகள் இரண்டு பேர். ஒருவன் பூண்டையும் பிணத்தையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறவன். இன்னொருத்தி, பேய்க் கதை இருந்தால் நூடுல்ஸ் நன்றாக விற்கும் என்று தெரிந்தவள்.

அயூத்தயாவுக்கு வார இறுதிப் பயணம் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பாங்காக் அலுவலகத்து ஆட்கள். தலையில்லாத புத்தர்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஆற்று இறால் தின்று திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் என்னால் சேர முடியாது.

நீ மறந்துவிட்ட ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2528 மார்ச், அப்பாவின் தகனம். தந்தி கிடைத்த அன்றே கிளம்பினேன். நக்கோன் சவனுக்கு முன்னால் சரக்கு வண்டி தடம் புரண்டு என் ரயில் நான்கு மணி நேரம் நின்றது. தந்தையின் பெட்டிக்கு முன்னால் தலை மழித்து, காவி உடுத்தி, வெள்ளை நூலைப் பிடித்து நடக்க வேண்டியவன் மூத்த மகன். அந்தப் புண்ணியம் எனக்கு உரியது. நான் கோயில் வாசலில் கைப்பையோடு ஓடிவந்தபோது நூலைப் பிடித்து நடந்தவன் உன் சின்னண்ணன் சங்வான். தலையில் முடி இல்லை, புருவமும் இல்லை. சட்டென்று யார் என்றே தெரியவில்லை.

காவி உடுத்தியவன் தம்பியானாலும் மண்டியிட்டு வணங்க வேண்டும். ஊரே என்னைப் பார்த்தது. நீ என் காதருகில் வந்து, "கும்பிடுங்கண்ணா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். நான் கும்பிடவில்லை. அந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்றேன். மிதிக்கவில்லை. அவனோடு ஏழு வருடம் ஒரு சொல் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பிறகு அவன் செத்தான். அயூத்தயாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் நான்தான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கையெழுத்துப் போட்டேன். பெட்டியைத் தூக்கினேன். எட்டு மணி நேரம் வெயிலில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வேறு எந்த அண்ணன் இவ்வளவு செய்வான்?

நான் வரவில்லை. அறைகளை வேண்டாம் என்று சொல்லிவிடு.

தவின்

பின்குறிப்பு: அவன் அன்று நீலக் கட்டம் போட்ட சட்டைதான் அணிந்திருந்தான். மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்து ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நூடுல்ஸ்காரி அன்று பார்த்திருப்பாள். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.


லம்பாங்
27 அக்டோபர் 2536

அண்ணா,

நான் கேட்டது ஒண்ணு. நீங்க எழுதினது ஒன்பது.

அப்பா தகனத்தன்னிக்கு சின்னண்ணன் ரெண்டு மணி நேரம் தலையை மழிக்க விடாம உக்காந்திருந்தார். "அண்ணன் வந்துடுவார், அண்ணன் வந்துடுவார்"னு சொல்லிட்டே இருந்தார். நாலு மணிக்கு மேல சிதை மூட்ட மாட்டேன்னு பெரிய பிக்கு சொல்லிட்டார். காவி போட்டது ஒரே சாயங்காலம். மறுநாள் காலைல மொட்டைத் தலையோட ஸ்டேஷனுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க ஓடினார். உங்க ரயில் போயிடுச்சு. இதை மூணு கடிதத்துல எழுதினேன். நீங்க பிரிக்கவே இல்லன்னு இப்பத்தான் புரியுது.

இன்னொண்ணு. எங்க வீட்டு நாய் தூப்பை உங்களுக்குத் தெரியாது. சின்னண்ணன் சைக்கிள் தெருமுனை திரும்பறதுக்கு முன்னாடியே எழுந்து ஓடற நாய். போன வருஷம் பெட்டியை முற்றத்துல இறக்கினப்போ அது வந்து ஒரு தடவை மோந்து பாத்துச்சு. அப்புறம் போய் மர நிழல்ல படுத்துக்கிச்சு. வேற எதையோ இறக்கி வெச்ச மாதிரி. அப்ப எனக்கு அது ஏன்னு தெரியல.

வெளியூர்ல செத்தவங்களை எப்படிக் கொண்டுவரணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? செத்த இடத்துல ஊதுபத்தி ஏத்தி எழுப்பணும். திருப்பத்துக்குத் திருப்பம், பாலத்துக்குப் பாலம் சொல்லிட்டே வரணும். சொல்லாட்டி தண்ணியைத் தாண்டத் தெரியாது, அங்கேயே நின்னுடுவாங்க. அயூத்தயா நாலு பக்கமும் ஆறு. முதல் பாலத்துலயே நின்னிருப்பார்.

சொன்னீங்களா இல்லையா? தபால் அட்டை போதும்.

பென்சி


தோன்புரி
8 நவம்பர் 2536

பென்சி,

இல்லை.

இதுதான் நீ கேட்ட பதில். மற்றதை நீ கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

அன்று அந்தச் சுவரருகே ஒரு பிக்கு என் கையில் ஊதுபத்தியைக் கொடுத்து, "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வீட்டுக்குப் போலாம் வான்னு சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். வரவில்லை. அடுத்த பாலத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏறினேன். அடுத்த பாலத்திலும் அதற்கடுத்ததிலும் அப்படியே நினைத்தேன். நக்கோன் சவன் பெரிய பாலம் வந்தபோது எதிரே ரயில் பாதை தெரிந்தது. அங்கேதான் அப்பாவின் தகனத்தன்று நான்கு மணி நேரம் நின்றேன். கோபம் அன்று பிறந்ததுபோல் வந்தது. லம்பாங்கில் உன் வீட்டுக்கு முந்தைய பாலத்தில், இவ்வளவு தூரம் வந்தவனுக்கு இனி வழி தெரியாதா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் தம்பியைக் கொண்டுவந்த லட்சணம் இது.

நீ பதிமூன்றாம் தேதி வந்து நிற்க வேண்டாம். நான் முந்தாநாள், சனிக்கிழமை, தனியாகப் போய்விட்டு வந்துவிட்டேன். நீ பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்ல வராது.

முதல் ரயிலில் போனேன். லமாய் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் அந்த அண்ணனா? மூக்கு அப்படியே இருக்கே" என்றாள். "காலைல ஏன் வந்தீங்க? அவரு சாயங்காலம்தானே வருவாரு. இருந்து பாத்துப் பேசிட்டுப் போங்க. ஒரு வருஷம் காக்க வெச்சீங்க, ஒரு பகல் நீங்க காக்கக் கூடாதா?"

எனக்கு லம்பாங்குக்கு ஒன்பது மணி ரயில். காத்திருக்கும் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வெறும் சுவரைப் பார்த்து ஊதுபத்தி ஏற்றினேன். சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஆற்றுப் பாலம் வரை நடந்தேன், பாலத்தின் நடுவில் காசு போட்டு மறுபடி சொன்னேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று சக்கர வண்டிக்காரன் ஒதுங்கிப் போக வழி கேட்டு மணி அடித்தான். நான் ஓரமாக நின்றேன். அவன் போகவில்லை. "அவரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்கய்யா" என்றான்.

ரயிலில் கூட்டம். என் பக்கத்து இடம் மட்டும் காலி. முட்டைக் கூடையோடு நின்ற ஒரு பெண்ணை உட்காரச் சொன்னேன். "ஆள் இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் நான் நம்புகிறேன் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஒவ்வொரு பாலத்திலும் சொன்னேன். மாலை ஆறு மணிக்கு உன் வாசலில் குதிரை வண்டி நின்றது. உன் சமையலறையில் விளக்கு எரிந்தது. "வீடு வந்துவிட்டது, இறங்கு" என்று சொல்லி ஊதுபத்தியை வாசல் மண்ணில் குத்திவிட்டு, அதே வண்டியில் திரும்பினேன். உள்ளே வரவில்லை. படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான்.

என் கடமை முடிந்தது.

தவின்


லம்பாங்
17 நவம்பர் 2536

அண்ணா,

யாரைக் கொண்டுவந்து விட்டீங்க?

உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல ஊதுபத்திக் குச்சியைப் பாத்தேன். நீங்கதான்னு புரிஞ்சு அழுதேன், சந்தோஷத்துல. சின்னண்ணனுக்குப் பிடிச்ச புளிக்க வெச்ச பன்றிக்கறியும் ஒட்டற அரிசிச் சோறும் வெச்சேன். ஈ கூட உக்காரல, அப்படியே இருந்துச்சு. மறுநாள் சமையல்கட்டு மூலையில உப்புச் சட்டி கவுந்து கிடந்துச்சு. வெறும் சோத்துல உப்பைப் போட்டுப் பிசைஞ்ச கை அடையாளம். அஞ்சு விரலும் தெரிஞ்சுது. சின்னண்ணன் கையை விட ரொம்பப் பெரிசு.

தூப் வீட்டுக்கு அடியில, தூண்களுக்கு நடுவுல போய் மூணு நாள் வெளிய வரல.

மத்தியானம் நான் தனியா இருக்கறப்ப முற்றத்துல யாரோ நடக்கறாங்க. வீட்டைச் சுத்திச் சுத்தி. படி எந்தப் பக்கம்னு தெரியல. இருபது வருஷம் ஏறி இறங்கின படி சின்னண்ணனுக்குத் தெரியாம போகுமா? சத்தம் நின்னதும் எட்டிப் பாத்தா, மண்ணுல ஒரு ஆள் குத்த வெச்சு உக்காந்த குழி. எப்பவும் தெற்க பாத்து. உங்க ஊர்ப் பக்கம்.

நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் கண் அசந்தேன். வந்தார். முப்பது வயசிருக்கும். இடுப்புல ஒரு துணி. தலைமுடி ஒரு பக்கம் கருகி ஒட்டிக்கிட்டிருக்கு. தாழ்வாரத்துக்குக் கீழேயே நின்னு, மரியாதையாத்தான் கேட்டார்.

"அண்ணன் கூப்பிட்டாரு, வந்தேன். அண்ணனைக் காணமே?"

"எந்த அண்ணன்?"ன்னேன்.

"பாலத்துல கூப்பிட்டாரே."

முழிச்சப்புறம் தாழ்வாரத்துப் பலகையில கரி வாசனை.

இன்னிக்கு லமாய் அக்கா அட்டை வந்துச்சு. இவ்வளவுதான் எழுதியிருக்காங்க: "உங்க பெரியண்ணன் வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமும் அவரு சுவர்கிட்டதான் இருந்தாரு. அண்ணன் வந்தாரே, உங்களைக் கூப்பிட்டாரேன்னு சொன்னேன். என்னை இல்லன்னாரு."

பாலத்துல என்ன சொன்னீங்க? ஒரு எழுத்து விடாம எழுதுங்க.

பென்சி


தோன்புரி
24 நவம்பர் 2536

பென்சி,

நான் சொன்னது இது: "தம்பி, பாலம் வருது. பயப்படாம கூட வா."

பெயரைச் சொல்லவில்லை. சுவரருகிலும் சொல்லவில்லை, பாலத்திலும் சொல்லவில்லை. தம்பி என்று சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. சங்வான் என்று சொல்லியிருந்தால் அவன் வென்றுவிட்டான் என்று ஆகும். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. இறந்துபோனவனிடமும் தோற்கக் கூடாது என்று நினைத்த ஆள் நான்.

எந்த ஊரில் நின்று பெயரில்லாமல் கூப்பிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. 2310 ஏப்ரலில் எதிரிப் படை அந்த நகரத்தை எரித்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் கிடந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எரித்தவர்களும் போய்விட்டார்கள், தப்பித்தவர்களும் தெற்கே வந்து புதிதாக ஊர் கட்டிக்கொண்டார்கள். கிடந்தவர்களை யாரும் வந்து எழுப்பவில்லை. இதை வருடா வருடம் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். இருநூற்று இருபத்தாறு வருடம் கழித்து ஒருவன் அங்கே நின்று "தம்பி, வா" என்றால், யார்தான் எழுந்து வரமாட்டார்கள்?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவன் என் குரலுக்குத்தான் வந்தான், என் குரலுக்குத்தான் திரும்பிப் போவான். டிசம்பர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். படி ஏறித்தான் அவனைக் கூப்பிட வேண்டும் என்றால் ஏறுகிறேன். பதினொன்றாம் தேதி சனிக்கிழமை பகல் ரயிலில் மூவரும் அயூத்தயா போகிறோம். நீ சொன்ன விடுதியில் இரண்டு அறை போதும். ஞாயிறு சாயங்காலம் வரை சுவரருகே காத்திருப்பேன். சங்வானைப் பெயர் சொல்லி எழுப்புவேன். பாலத்தில் அவனுக்கு மட்டும் சொல்வேன். மற்றவனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டால் தண்ணீரைத் தாண்ட முடியாது, அங்கேயே நின்றுவிடுவான். ஒருவனைப் பாலத்தில் விட்டுவிட்டு வருவது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமைக்கு எனக்கும் டிக்கெட் எடுத்து வை. ஜன்னலோரம் வேண்டாம்.

தவின்


லம்பாங்
21 டிசம்பர் 2536

அண்ணா,

நீங்க போய் ஒரு வாரம் ஆச்சு. சின்னண்ணன் வந்துட்டார்.

திங்கட்கிழமை நீங்க வாசல்ல நின்னு, "சங்வான், வீடு வந்துடுச்சு, இறங்குடா"ன்னு சொன்னீங்களே, அப்பவே தூப் வீட்டுக்கு அடியிலேருந்து பாய்ஞ்சு வந்து யாரும் இல்லாத இடத்துல குதிச்சுதே, பாத்தீங்கல்ல. அன்னிக்கே கனவுல வந்தார். வந்ததும் வராததுமா, "பன்றிக்கறியில உப்பு பத்தல"ன்னு சண்டை. எனக்குச் சிரிப்பும் அழுகையும். நீங்க படையல் தட்டுலேருந்தே ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னேன். "எனக்கு வெச்சிருந்ததையா?"ன்னார். அவ்வளவு சந்தோஷம் முகத்துல.

அந்தச் சுவர்கிட்ட நீங்க செஞ்சதை நான் யார்கிட்டயும் சொல்லல. அவர் எங்க இருக்கார்னு லமாய் அக்கா கையைக் காட்டினதும் நீங்க மண்ணுல மண்டி போட்டு, நெத்தி தரையில பட மூணு தடவை கும்பிட்டீங்க. சுத்தி வெள்ளைக்காரங்க போட்டோ எடுத்தாங்க. நீங்க எழுந்திருக்கவே இல்ல. லமாய் அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவரும் கும்பிடறாரு தங்கச்சி, வேண்டாண்ணா வேண்டாண்ணான்னு சொல்லிக்கிட்டே கும்பிடறாரு"ன்னாங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். பாலத்துல நான் காசு போட்டுட்டு முன்னாடி நடந்துட்டேன். நீங்க சின்னண்ணன் பேரைச் சொன்னது கேட்டுச்சு. அப்புறம் திரும்பிப் பாத்தா நீங்க நடுவுல நிக்கறீங்க, வந்த பக்கமா திரும்பி. உங்க வாய் அசைஞ்சுது. கேட்டதுக்கு இருமல்னீங்க.

செவ்வாய்க்கிழமை உங்களை ஸ்டேஷன்ல விட்ட குதிரை வண்டிக்காரன் நேத்து சந்தையில பாத்தான். "உங்க அண்ணன் ஊருக்கு நல்லபடியா போய்ச் சேந்தாங்களா?"ன்னான். மரியாதைக்கு அப்படிக் கேக்கறான்னு நெனச்சு, "சேந்துட்டார்"னேன். "கூட வந்தவரு?"ன்னான்.

அண்ணா, அந்த ஆளை விட்டுட்டுத்தானே வந்தீங்க?

பென்சி


தோன்புரி
4 ஜனவரி 2537

பென்சி,

விட்டுவிட்டு வரவில்லை.

விடத்தான் நினைத்தேன். சங்வானுக்குச் சொன்னேன், அவன் தாண்டினான். எனக்கே தெரிந்தது, தோளருகே காற்று கனத்து நகர்ந்தது. பிறகு நான் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டியதுதான் பாக்கி. நடக்கவும் ஆரம்பித்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கேட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், திட்டியிருந்தால் நான் போய்க்கொண்டே இருந்திருப்பேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. இது தனக்குப் பழக்கம்தான் என்பதுபோல் நின்றான். சங்வானும் அன்று தன் பெட்டி கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில் இப்படித்தான் நின்றிருப்பான்.

"நீயும் வா" என்றேன். நீ பார்த்த வாயசைவு அதுதான்.

உன் வீட்டில் அவனை இறக்கவில்லை. வாசலிலேயே நிற்கச் சொன்னேன், நின்றான். மறுநாள் ரயிலில் ஒவ்வொரு பாலமாகச் சொல்லி இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். என் தெருவுக்குக் கால்வாயைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும். கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் மரப்பாலத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லித்தான் வீட்டுக்குள் போகிறேன். எதிர் வீட்டுக்காரி, "வாத்தியார் யாருக்கு வழி சொல்றாரு?" என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அவன் தொந்தரவு செய்வதில்லை. வெறும் சோறும் உப்பும். மாலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் கீழ்ப்படியில் வந்து உட்காருகிறான். இப்போது என் கண்ணுக்கும் தெரிகிறது, நேராகப் பார்க்காமல் இருந்தால். உன் பெயர் என்ன என்று தினமும் கேட்டேன். ஞாபகமில்லை என்று தலையை ஆட்டுவான். இவ்வளவு காலம் யாரும் கூப்பிடாவிட்டால் எனக்கும் மறந்துதான் போகும்.

புத்தாண்டு அன்று வந்து உட்கார்ந்தவன் தானாகவே சொன்னான். பெயர், தகப்பன் பெயர், ஊர். நான் பழைய ஆவணங்களில் மட்டும் பார்த்திருக்கிற மாதிரிப் பெயர். சொன்னவன் நிறுத்தவில்லை. சுவரில் தன் வலப்பக்கம் நின்றவன் பெயரைச் சொன்னான். அவனுக்கு அடுத்தவன் பெயரை. இடப்பக்கம் நின்ற இரண்டு சகோதரர்களின் பெயரை. ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், ஊர். நான் போய்க் காகிதம் எடுத்து வந்தேன். விளக்குப் போடாமலே எழுதினேன். அவனைத் தவிர பதினொரு பேர். அவனை மட்டும் நான் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து அங்கே அவர்கள் பாலம் வரை வந்து வந்து திரும்புகிறார்களாம். கூப்பிட்ட ஆள் மறுபடி வருவாரா என்று பார்க்கிறார்களாம்.

இரண்டு நாளாக வரைபடங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொன்ன ஊர்களில் நான்கு இன்னும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோய் இறக்கிவிடலாம். இரண்டு ஊர்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலை. மற்றவை எங்கும் இல்லை. அந்த ஊர்க்காரர்களை எங்கே இறக்குவது என்று யோசித்தேன். என் வீட்டு மாடி வருடக் கணக்காகக் காலியாகத்தான் கிடக்கிறது. கூட்டிப் பெருக்கிவிட்டேன்.

வருகிற பதினைந்தாம் தேதி சனிக்கிழமை போகிறேன். எட்டு இருபது ரயில். சாயங்காலம் வரை இருப்பேன், ஞாயிறு காலை திரும்புவேன். நீ வர வேண்டாம், வழியில் வந்து நிற்கவும் வேண்டாம். லமாய்க்கு மட்டும் ஒரு அட்டை போடு. அன்று வண்டியைப் பாலத்துப் பக்கம் நிறுத்தாமல் கொஞ்சம் இடம் விடச் சொல்.

பயப்படாதே. இருபத்தாறு வருடம் தினமும் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவன் நான். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக, தகப்பன் பெயரோடு கூப்பிடுவேன். உள்ளேன் என்று பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டேன்.

தவின்